பதினொரு மணிப் பழத்தட்டு

“கையை நீட்டு.”

ரோஜா நீட்டினாள். மணிக்கட்டு நிறையச் சிவப்புக் கண்ணாடி வளையல்கள்.

“இது என்ன கல்யாண வீடா? கழட்டி வச்சுட்டு வந்து கத்தியைத் தொடு.”

“வளைகாப்பு வளையல் சேச்சி. பிரசவம் வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு அம்மா…”

“அம்மா சொன்னதெல்லாம் பள்ளுருத்தியில, உன் வீட்டோட. இது ஹோட்டல் கிச்சன். மனசிலாச்சா?”

மட்டாஞ்சேரியின் அந்தச் சின்ன ஹோட்டலில் காமாக்ஷி சேச்சிதான் பதினைந்து வருடமாகத் தலைமைச் சமையல். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ரோஜா பாத்ரூம் வரை போனாள். கழற்ற மனம் வரவில்லை. வெள்ளைக் கோட்டின் கையை வளையல் மேல் இழுத்துவிட்டுத் திரும்பினாள்.

“கழட்டிட்டேன் சேச்சி.”

பதினொரு மணிக்கு இருபது விருந்தாளிகள். வரவேற்புக்குப் பழத்தட்டு. அது நன்றாக அமைந்தால் ரோஜாவின் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் ஸ்ரீநாத் சொல்லியிருந்தார். நிரந்தரமானால்தான் பிரசவ லீவு. குழந்தை பிறந்தபின் திரும்பி வர ஒரு வேலை.

ஆரஞ்சின் வெள்ளை நார் துளியும் இல்லாமல் தோலைச் சீவினாள். ஜவ்வை ஒட்டிக் கத்தியை இறக்கிச் சுளைகளை மட்டும் எடுத்தாள். சாத்துக்குடியை வட்ட வட்டமாக அரிந்தாள். வெளிர்மஞ்சள், ஆரஞ்சு, நடுவில் பம்ளிமாஸின் இளஞ்சிவப்பு. மேலே எலுமிச்சைச் சாறும் தேனும், நாலு புதினா இலை.

கடைசியாக மாதுளை. பாதிப் பழத்தைத் தட்டின் மேல் கவிழ்த்துப் பிடித்து, மரக்கரண்டியால் ஓங்கி ஓங்கித் தட்டினாள். முத்துகள் கொட்டின. பக்கத்தில் மிக்சி அலறிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் ஏதோ சுருக்கென்றது. எலுமிச்சை பட்டிருக்கும். மேலேறியிருந்த கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஸ்ரீநாத் எட்டிப் பார்த்தார். “அடிபொளி! இது போதும் ரோஜா. பத்து நிமிஷத்துல வந்து எடுத்துக்கறேன்.”

அவர் போனதும் காமாக்ஷி சேச்சி தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். குனிந்து பார்த்தாள். ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி எடுத்தாள். பிறகு ரோஜாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

அடுத்த நொடி, தட்டில் இருந்த பழம் முழுவதும் குப்பைக் கூடையில்.

“சேச்சி!”

“வாயை மூடு.”

ஸ்ரீநாத் திரும்பி வந்தபோது மேஜையில் வெறும் தட்டுதான் இருந்தது.

“கை தவறிடுத்து” என்றாள் காமாக்ஷி சேச்சி.

“பதினஞ்சு வருஷத்துல இல்லாதது இன்னிக்கா? அவ பேர் வாங்கிடுவான்னு பொறுக்கலையா? கை நடுங்க ஆரம்பிச்சாச்சுன்னா சொல்லுங்க. வேற ஆள் பார்க்கறேன்.”

மிக்சி நின்றிருந்தது. கிச்சன் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

“அரை மணி நேரம் தாங்கோ சார். அவளே வேற செஞ்சு தருவா.”

கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனார்.

ரோஜா வெறும் தட்டைச் சேச்சியின் பக்கம் தள்ளினாள். “எனக்கு வேலை நிரந்தரமானா உங்களுக்கு என்ன சேச்சி குறைஞ்சுடும்?”

காமாக்ஷி சேச்சி அதுவரை மூடியிருந்த இடது கையைத் திறந்தாள். உள்ளங்கையில் நாலைந்து மாதுளை முத்துகள். அதில் ஒன்றைத் தனியே நகர்த்தினாள்.

“நசுக்கிப் பாரு.”

நசுங்கவில்லை. சிவப்புக் கண்ணாடித் துண்டு.

ரோஜா பதறிப்போய்க் கோட்டின் கையை விலக்கினாள். வளையல் ஒன்று உடைந்து, மணிக்கட்டில் ரத்தக் கீறல்.

“ஒண்ணு கெடச்சுது. மிச்சத்தை இருபது பேர் வாயிலயா தேடறது?” காமாக்ஷி சேச்சி ஒரு துணியைக் கிழித்து, மிச்ச வளையல்களின் மேல் இறுக்கிச் சுற்றினாள். “மாதுளை வேண்டாம். ஆரஞ்சை எடு. யார் கேட்டாலும், கை நடுங்கினது எனக்குத்தான். மனசிலாச்சா?”