தரையில் இருப்பது

அவன் மூன்றாம் முறையாக அந்தச் சந்துக்குள் நுழைந்தான்.

கையில் கைபேசி. கண் அதன் மேலேயே இருந்தது. கால் மட்டும் நிதானமாக மணலில் விழுந்துகொண்டிருந்தது.

அவள் மீன் கூடையை இறக்கிச் சந்தின் நடுவில் வைத்தாள்.

இரண்டு பக்கமும் சொகுசு விடுதிகளின் சுவர்கள். நடுவில் நான்கடி மணல். குப்பத்திலிருந்து ரோட்டுக்குப் போக இப்போது மிச்சமிருக்கும் ஒரே வழி.

போன மாசி வரை தெற்கே இன்னொன்று இருந்தது. அங்கேயும் ஒருவன் வந்தான். தொப்பி போட்டிருந்தான். நன்றாகச் சிரித்தான். அளக்கும் நாடாவின் ஒரு முனையை, “கொஞ்சம் பிடிங்கம்மா” என்று அவளிடம் நீட்டினான்.

அவளும் பிடித்தாள்.

பத்தாம் நாள் அங்கே இரும்புக் கேட் நின்றது.

தெற்குப் பக்கத்து முப்பது வீட்டுக்காரர்கள் அன்றிலிருந்து கரையோரமாகச் சுற்றி வருகிறார்கள். அலை ஏறும் நாட்களில் அதுவும் கிடையாது.

நாடா பிடித்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

“இன்னாத்த தம்பி அளக்கிற?”

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். முப்பது வயது இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“அளக்கலம்மா. இந்த வழி மேப்புல இல்ல. அதான் நடந்து ஏத்துறேன்.”

“யாரு அனுப்புனது?”

“யாரும் அனுப்பல. லீவு நாள்ல நானா செய்யறது. பேரு ஜெயசீலன். தாம்பரத்துல வாத்தியாரா இருக்கேன்.”

கூலி வாங்காமல் இந்த வெயிலில் மணலில் நடப்பவனை அவள் பார்த்ததில்லை. தொப்பிக்காரனும் மரியாதையாகத்தான் பேசினான்.

அவள் நகரவில்லை.

அவன் கைபேசியைத் திருப்பிக் காட்டினான். நீலமாகக் கடல். மஞ்சளாக ரோடு. நடுவே மெல்லிய புள்ளிக் கோடுகள். நடந்து போகிற வழிகளாம். இந்தப் படத்துக்கு யாரும் சொந்தக்காரர் இல்லையாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம்.

“யார் வேணாலும்னா? இந்தச் சுவரு கட்டுனவனுமா?”

“அவங்களுந்தான்.”

இல்லை என்று சொல்வான் என்று நினைத்திருந்தாள். சொல்லாதது இன்னும் சந்தேகமாக இருந்தது.

“தெக்கால ஒரு வழி இருந்துச்சே. அத்த இன்னா பண்ணுவ?”

“கேட் போட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நேர்ல பாக்காம எழுதக் கூடாது.”

“வா. பாரு.”

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவன் வந்துகொண்டுதான் இருந்தான்.

கேட்டுக்குப் பக்கத்தில் தெற்கு வீட்டுத் தேசம்மாளும் இரண்டு பெண்களும் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி தேசம்மாளின் மருமகள், பத்தாவது வரை படித்தவள். மூன்று பேரும் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

அவன் கேட்டைப் படம் எடுத்தான். அதில் தொங்கிய அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்தான். பிறகு எதையோ தட்டினான்.

“இன்னா எழுதுற?”

“கேட் இருக்கு. பூட்டியிருக்கு. பொதுமக்கள் போக முடியாதுன்னு.”

“இது எங்க வழிப்பா.”

“தெரியும்மா. பழைய சர்வே படத்துல பொது வழின்னுதான் இருக்கு. ஆனா நாங்க தரையில என்ன இருக்கோ அதத்தான் எழுதணும். இன்னிக்குத் தரையில கேட்டுதான் இருக்கு.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். ஒருவன் சிரித்துக்கொண்டே பூட்டிவிட்டுப் போனான். இவன் வருத்தப்பட்டுக்கொண்டே பூட்டு என்று எழுதப் போகிறான்.

“அனுப்பிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“பொறு.”

கூடையை இறக்கினாள். கேட்டருகே போனாள். கீல்கள் வெறும் கொக்கிகள். மேலே தூக்கினால் கழன்றுவிடும். பூட்டுப் பக்கம் சங்கிலி தளர்வாகத்தான் கிடந்தது.

“தேசம்மா, இங்க வா. மூணு பேரும் வாங்க.”

“எதுக்கு?”

“அன்னிக்கி இதுக்கு நாடா புடிச்சது நாந்தான்.”

தேசம்மாள் கையிலிருந்த கருவாட்டைக் கீழே போட்டாள். அவளுடைய பேத்தி இந்த வருஷம் எட்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. எட்டும் அலை ஏறிய நாட்கள்.



பிறகு தேசம்மாள் புடவையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“எந்தப் பக்கம் புடிக்கணும்?”

ஐஸ் பெட்டி தூக்கிப் பழகிய கைகள். எட்டுக் கைகள். முதல் தடவை கேட் அசைந்தது. இரண்டாம் தடவை கிறீச்சென்றது. மூன்றாம் தடவை மேலெழும்பி, கழன்று, சுவர்மேல் சாய்ந்தது.

பூட்டு மட்டும் பூட்டியபடியே சங்கிலியில் தொங்கியது.

சந்தின் அந்தக் கோடியில் ரோடு தெரிந்தது. ஒரு பஸ் போனது. காவல்காரன் ஒருவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. உள்ளங்கைத் துருவைத் துடைக்கவும் இல்லை. ஜெயசீலனின் தோள்பை வாரைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப தரையில இன்னா இருக்குது? பாத்து எழுது.”

அவன் பார்த்தான். ஓடி வருகிறவனையும் பார்த்தான். முதலில் எழுதியதை அழித்தான். வேறு எழுதினான்.

“படி.”

“நடைபாதை. திறந்திருக்கு. எல்லாரும் போகலாம்.”

அவள் வாரை விடவில்லை. அவன் கையிலிருந்து கைபேசியை வாங்கித் தேசம்மாளின் மருமகளிடம் நீட்டினாள்.

“நீ படி.”