மிச்சம் எட்டுப் படி

கடலோரக் கிரேக்க நகரம் ஒன்றில் லிக்கோன் என்ற ஆட்டுக்கடா ஆலிவ் செக்கு வைத்திருந்தான். அதை இழுத்தவள் மிர்த்தோ என்ற கழுதை. நாள் முழுக்கச் சுற்றினால் ஒரு ஜாடி எண்ணெய் வரும். லிக்கோன் அதைப் பத்துப் படி பார்லிக்கு மாற்றிவிட்டு, அவளுக்கு ஒரு பிடி போடுவான். விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் மிர்த்தோ தூண் மண்டபத்துக்குப் போய் முறையிட்டாள். அங்கே ஞானி ஆந்தையார்தான் நியாயம் சொல்லுவார்.

"பழமும் செக்கும் என்னுடையவை. எண்ணெய் ஊருக்குத் தேவை, அதனால் விலை போகிறது. இவள் சும்மா சுற்றி வருகிறாள்," என்றான் லிக்கோன்.

"தேவைதான் மதிப்பைத் தருகிறது என்று நானும் சொல்லி வருகிறேன்," என்றார் ஆந்தையார்.

மிர்த்தோ லிக்கோன் பக்கம் திரும்பினாள். கேட்டாள்: "முதலாளி, ஒரு ஜாடிக்கு ஐந்து கூடைப் பழம் ஆகிறது. அந்த ஐந்து கூடையை அப்படியே கொடுத்தால் பத்துப் படி கிடைக்குமா?"

"வெறும் பழத்துக்கா? இரண்டு படி கிடைத்தால் அதிகம்."

"அப்படியானால் மிச்சம் எட்டுப் படி எங்கேயிருந்து வந்தது?"

ஆந்தையார் ஆசனத்திலிருந்து இறங்கினார்.

"நான் பாதியைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். தேவை மட்டுமல்ல, உழைப்பும் மதிப்பைத் தருகிறது. பழத்துக்கு இரண்டு படி, செக்கின் தேய்மானத்துக்கு ஒன்று. மற்ற ஏழும் இவளுடையவை."

மண்டபமே ஆரவாரித்தது. மிர்த்தோ நிமிர்ந்து படியிறங்கினாள். அதுவரை அவளை 'ஏய்' என்றே கூப்பிட்ட லிக்கோன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"நாளைக்கு வேலைக்கு வருவாயா, மிர்த்தோ?"

"முதலில் வயிறாரச் சாப்பிடுகிறேன், பிறகு சொல்கிறேன்," என்றாள் அவள்.