கழுதைக்குக் கிடைத்த வேலை

சலவைக்காரர் சரக்கு ஆட்டோ வாங்கிய அன்றே கழுதைக்கு வேலை போயிற்று. காட்டில் சிங்கராஜா புது வேலைவாய்ப்புத் திட்டம் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, அதை நடத்தும் நரியிடம் கழுதை ஆசையோடு ஓடியது. வேலையில்லாத ஒரு பிராணிக்கு வேலை தேடிக் கொடுத்தால், நரிக்கு அரண்மனையிலிருந்து ஒரு மூட்டை வேர்க்கடலை.

வரிசையில் கழுதைக்கு முன்னால் எறும்புகள் நின்றன.

“என்ன வேலை தெரியும்?” என்றது நரி.

“அரிசி சுமப்போம்.”

“நாளையிலேருந்து அதையே செய்யுங்க,” என்று எல்லா எறும்புக்கும், வேலை கிடைத்ததற்கு அடையாளமாக, மஞ்சள் பொட்டு வைத்து அனுப்பியது. அடுத்து வந்த சிலந்திக்கு வலை பின்னும் வேலை கிடைத்தது.

“நரியண்ணே, இவங்க நேத்தும் இதைத்தானே செஞ்சாங்க?” என்றது கழுதை.

“அதனாலதான் சட்டுனு முடியுது. முதுகெல்லாம் புண்ணோட வந்து நிக்கிறியே, உன்னை எவன் சேர்த்துக்குவான்? அடுத்த வாரம் வா.”

கழுதை வாராவாரம் வந்தது. பொட்டும் இல்லை, புல்லும் இல்லை. நரியைச் சுற்றி மட்டும் மூட்டைகள் குவிந்தன. அதன் குகையோ குன்றின் உச்சியில் இருந்தது. ஒரு மூட்டையை இழுத்துப் பார்த்து மூச்சு வாங்கிய நரி, கழுதையை ஏற இறங்கப் பார்த்தது.

ஆண்டு விழாவில் சிங்கம் கேட்டது: “வேலையே இல்லாமலிருந்து, நம் திட்டத்தால் வேலை பெற்றவர் முன்னே வரட்டும்.”

எறும்புகளுக்கு வேலை இருந்ததால் அவை விழாவுக்கே வரவில்லை. கழுதை மட்டும் காதை நிமிர்த்திக்கொண்டு முன்னே போயிற்று.

“நான்தாங்க ராஜா. நரியண்ணனுக்கு நீங்க கொடுத்த கடலை மூட்டையெல்லாம் நான்தான் சுமக்கிறேன். இன்னும் வருஷக்கணக்குக்கு வேலை இருக்குங்க.”

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. புகழில் அண்ணனுக்கும் பங்கு இருக்கட்டும் என்று, பின்னால் பதுங்கிய நரியை மறைக்காமல் கழுதை சற்று விலகி நின்றது.