பாதி ஆட்டத்தில் வந்தவன்

சட்டையின் முதுகில் ஒரு செம்மண் தடம்கூட இல்லை. அதைப் பார்த்ததும் சின்னத்தங்கத்துக்கு ஆத்திரம் இரண்டு மடங்காக ஏறியது.

“ஒருத்தன்ரை கையிலையும் நீ அம்பிடேல்லை. பேந்து ஏன்ரா பாதியிலை விட்டிட்டு வந்தனீ?”

அவள் மகன் யோகராசாவுக்குப் பன்னிரண்டு வயது. வெள்ளாவி அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான்.

வெங்காயம் கிண்டி முடிந்த தோட்டத்தில் அயலூரோடு கிளித்தட்டு நடந்துகொண்டிருந்தது. வருஷப் பிறப்புக்கு இரண்டு ஊரும் மோதுகிற பெரிய ஆட்டம். நிலத்தில் பெட்டி பெட்டியாகக் கீறி, கோட்டுக்கு ஒருவனாக எதிர்ப்பக்கத்தார் மறித்து நிற்பார்கள். நடுக்கோட்டில் மேலும் கீழும் ஓடித் திரிகிறவன் அவர்களுக்குத் தலைவன், அவன்தான் கிளி. அத்தனை பேரையும் தாண்டிக் கடைசிப் பெட்டிவரை போய்த் திரும்பவேண்டும். ஓடுகிற ஒருவன்மேல் கை பட்டாலும் அவன் பக்கம் முழுவதும் ஆட்டமிழந்தது.

சின்னத்தங்கம் இந்த ஆட்டத்தை ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. ஊர்ப் பிள்ளைகளின் சட்டைகள் எல்லாம் அவளுடைய வெள்ளாவிக்குத்தானே வந்து சேர்கின்றன! தம்பிஐயா மகன் நடராசாவின் முதுகில் மூன்று கைத்தடம், வாத்தியார் மகனின் தோளில் இரண்டு. எத்தனை தரம் கல்லில் அடித்தாலும் லேசில் போகாத செம்மண். தன் மகனின் சட்டையில் மட்டும் வியர்வையைத் தவிர ஒன்றும் இருக்காது. அதை உதறிக் கொடியில் போடும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிமிரும்.

மறிக்கிற முறை வந்தால் அவனை வரம்பில் இருத்திவிடுவார்களாம். ஓடுகிறவன் களைக்கக் கூடாதாம். அதையும் அவள் தன்னிடம் வெளுக்கப் போடுகிற வீடெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

“யோகராசா! கெதியா வாடாப்பா! நீ இல்லாட்டில் தோத்துப்போவம்!” வேலிப் படலைக்கு வெளியே நின்று நடராசா கத்தினான்.

“இந்தா வாறான் ஐயா, வாறான்!” என்று அந்தப் பக்கம் குழைந்துவிட்டு, இந்தப் பக்கம் திரும்பிப் பூவரசங் கம்பை முறித்தாள்.

“கேட்டியோ? உன்ரை அப்பரைச் சாகுமட்டும் ‘எடேய்’ எண்டதைத் தவிர ஆரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உன்னைப் படலையிலை வந்து முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுகினம். அது பொறுக்கேல்லையோ உனக்கு?”

கெண்டைக்காலில் ஒன்று விழுந்தது. அவன் அசையவில்லை.

“அயலூரான் ஏதும் தந்து வாயை அடைச்சுப் போட்டானோ?”

“இல்லை.”

“ஆரும் ஏசினவையோ?”

“இல்லை. எல்லாரும் நல்லாத்தான் கதைச்சவை.”

“பேந்து என்ன கேடு?” இரண்டாவது அடி. அப்போதுதான் அவனுடைய முழங்கால் உரஞ்சி இரத்தம் கசிவதைக் கண்டாள். “விழுந்தனியோ?”

“ஓம். கிளியின்ரை காலடியிலை.”

“காலடியிலை விழுந்தும் அம்பிடேல்லை!” கோபத்துக்கு நடுவிலும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. “அப்பிடி ஓடத் தெரிஞ்ச பிள்ளை வீட்டிலை வந்து குந்தியிருக்கிறதோ? நட! போய் வெண்டுபோட்டு வா!”

“மாட்டன்.”

“மாட்டியோ?”

“இனி ஒருநாளும் போகமாட்டன்!”

இப்போது அவனும் கத்தினான். கண் சிவந்திருந்தது. அழுகை இல்லை, அத்தனையும் கோபம். தாயை இப்படி எதிர்த்து நின்று அவனுக்குப் பழக்கமே கிடையாது. மண்டைக்கனம் என்று முடிவு கட்டினாள் சின்னத்தங்கம். நாலு பேர் நல்ல ஓட்டக்காரன் என்று சொன்னதும் கொழுப்பு ஏறிவிட்டது. இன்றைக்கு இவன் போகாவிட்டால், நாளைக்கு அந்தப் படலையில் ஒருவரும் நிற்கமாட்டார்கள். பழையபடி ‘எடேய்’தான்.

அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். “என்ன நடந்தது எண்டு சொல்லிப்போட்டு மற்ற வேலை பார். ஓட ஏலாமல் போச்சோ?”

“நான் பேந்து ஓடேல்லை.”

“ஓடாமல்?”

“விழுந்தெழும்பின பிறகு நடந்துதான் போனனான். கோட்டுக்குக் கோடு நிண்டு நிண்டு போனனான். கடைசிப் பெட்டிமட்டும் போய், திரும்பியும் வந்தனான்.”

“விசரா, நடந்து போனால் கிளி விடுவானோ?”

“கிளிக்கு முன்னாலையும் போய் நிண்டு பாத்தன். அவன் கையைப் பின்னாலை இழுத்துக்கொண்டு விலகிட்டான்.”

ஓங்கிய கம்பு அப்படியே நின்றது. படலையில் நடராசா மறுபடியும் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

“ஏனாம்?”

“என்னைத் தொட்டால் முழுக வேணுமாம், அம்மா.”