தலைவர் பார்த்த முதல் காட்சி

தமிழ்ச் சினிமாவின் மானம் இன்று மாலை ஈப்போவில், ஒரு ரொட்டி சானாய் கடையில் காப்பாற்றப்படுகிறது. மேசை ஆடுவதால் தே தாரேக் தேநீர் மட்டும் கொஞ்சம் சிந்துகிறது. கோப்பெங் ஊர் ரசிகர் மன்றத் தலைவர் தர்மேந்திரனின் தொப்பைமீது, மஞ்சள் பனியனில் அச்சான நடிகரின் முகம் இரண்டு மடங்கு அகலத்தில் சிரிக்கிறது. "மூணே நாளு, படம் நூறு கோடி வசூலு!" என்கிறார், தம் வங்கிக் கணக்கில் விழுந்ததுபோல். "ரிங்கிட்டாண்ணே, ரூபாயாண்ணே?" என்று கேட்கிறான் கூட்டாளி கால்வின். கல்லில் மாவு பொத்தென விழுகிறது. சாய்ந்த வெயில் பருப்புக் கறியில் மினுக்குகிறது. மன்றத்தில் புதிதாகச் சேர்ந்த தினேஸ்வரி கைப்பேசியில் ஒரு விமர்சனத்தை வாசிக்கிறாள்: அந்த நடிகரின் புதிய உளவாளிப் படத்தின் முதல் அரைமணி நேரம் வெறும் இழுவையாம். தர்மேந்திரன் சீறுகிறார். "அவனுங்க படத்தப் பாத்தானுங்களா லா? முத நாளு, முத காட்சி, பேப்பர் கிழிச்சுத் தூவி விசிலடிச்சுப் பாத்தவன் நானு!" "அப்ப சொல்லுங்கண்ணே, ஹீரோ எப்படி வராரு?" அவள் கண்ணில் சந்தேகம் இல்லை, ஆவல்தான். இந்த ஒரு பிள்ளையாவது தம்மைத் தலைவராக நம்புகிறதே, அதுவும் போய்விடுமோ என்ற கவலையில் அவர் ரொட்டியைப் பிய்க்கிறார், பிய்த்ததை மறுபடி பிய்க்கிறார். "வராரு… புலி மாதிரி." "சலவைக் கூடைக்குள்ள ஒளிஞ்சில்ல வராரு?" என்கிறாள், தானும் படத்தைப் பார்த்திருந்த தினேஸ்வரி. கால்வின் தே தாரேக் நுரையையே உற்றுப் பார்க்கிறான். தினேஸ்வரி சிரித்துவிட்டு, "சரிண்ணே, நாளைக்கு எல்லாரும் மறுபடி போலாம்," என்று தன் வடையை அவர் தட்டில் வைக்கிறாள். தலைவர் நிம்மதியாகக் கடிக்கிறார். அந்த முதல் நாளன்று அவரும் கால்வினும் இருட்டில் தவறி முதலில் நுழைந்தது பக்கத்து அரங்கு. அவர் காகிதம் தூவி வரவேற்றது ஒரு கார்ட்டூன் பென்குவினை.