லாக்கில் விழுந்த ஓட்டை

“பஸ் லேட்டுன்னு என்கிட்ட கதை சொல்லாதே. வேலைக்கு வர்றியா, சந்தைக்கு வர்றியா?”

தொழிற்சாலை கேட்டில் நின்று மேனேஜர் கார்த்திகேசு போட்ட சத்தம், காரை நிறுத்திக்கொண்டிருந்த ரூபினிக்கே கேட்டது. திட்டு வாங்கியது வேலம்மா. அம்மா வயசு இருக்கும். அவளுக்குப் பின்னால் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

சரியான முசுடு, என்று முணுமுணுத்துக்கொண்டே ரூபினி உள்ளே போனாள்.

ரவாங்கில் ஒரு கணினி நிறுவனத்தில் அவளுக்கு வேலை. சர்வரில் புரியாத கோளாறு என்றால் அவளைத்தான் அனுப்புவார்கள். கண்டுபிடிக்காமல் அவள் திரும்பியதே இல்லை. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருந்தால் என்ன.

புக்கிட் பெலிம்பிங் பக்கத்து அட்டைப்பெட்டித் தொழிற்சாலை அது. யார் எப்போது கார்டைத் தட்டி உள்ளே வந்தார்கள் என்பதைச் சர்வர் தானாகவே எழுதி வைக்கும். அந்தப் பதிவுக்குத்தான் லாக் என்று பெயர். தினமும் காலையில் கொஞ்ச நேரம் மட்டும் லாக் எழுதப்படாமல் ஓட்டை விழுந்துகொண்டிருந்தது. லாக் இல்லாத நேரத்தில் யார் வந்தாலும் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. மூன்று தடவை லேட் என்றால் மாத அலவன்ஸ் போய்விடும். ஆக, யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள், அந்த ஆளைப் பிடித்தால் அன்றைக்கே வேலை காலி என்று கேஎல் என்கிற கோலாலம்பூரில் இருந்த தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது.

எல்லார் சந்தேகமும் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் லோகேஸ்வரன் மேல்தான். அவன் தொழிலாளிகளோடு தோளில் கை போட்டுப் பழகுகிறவன். மனைவிக்கு இது நிறைமாதம்.

“நின்னுபோச்சுன்னு பார்த்தா உடனே ஓட விட்டுடுவேன்க்கா. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது லா,” என்றான்.

“நீ பயப்படாதே. மனுஷங்க மறைக்கலாம், மெஷின் மறைக்காது. நாளைக்கு ஆளைக் காட்டுறேன்,” என்றாள் ரூபினி.

டிஸ்க் நிறைந்துபோயிருக்கிறதா என்று பார்த்தாள். பாதிகூட நிறையவில்லை. கேபிளில் குறையில்லை, கடிகாரமும் சரி. லாக் எழுதும் புரோகிராமை யாரோதான் நிறுத்துகிறார்கள், நிறுத்திய தடயத்தையும் கையோடு அழித்துவிடுகிறார்கள். சர்வர் எழுதுவதெல்லாம் அந்தக் கணமே தன் லேப்டாப்புக்கும் ஒரு பிரதி வரும்படி செய்துவிட்டுக் கிளம்பினாள். இனி அங்கே அழித்தாலும் இங்கே இருக்கும்.

மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். லாக் நின்றது. நிறுத்தச் சொன்ன கம்ப்யூட்டர், மேனேஜர் அறையில் இருந்தது.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊரையே லேட் என்று திட்டிவிட்டு, தானே லாக்கை நிறுத்தி மறைக்கிறாரே இந்த மனிதர். அந்தப் பையன் வேலை போகட்டும் என்று சும்மா வேறு இருக்கிறார். நேரே அறைக்குப் போய் லேப்டாப்பை மேசை மேல் வைத்தாள்.

கார்த்திகேசு பார்த்தார். மறுக்கவில்லை.

“நான்தாம்மா. லோகாவை விட்டுடு. இன்னிக்கு நானே கேஎல்லுக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன்.”

பிறகு விஷயம் மெதுவாக வெளியே வந்தது. ஆட்களை ஏற்றி வரும் அந்த பஸ், கம்பெனியே விடும் பஸ். அறுவடை நேரத்தில் செகிஞ்சான் ரோட்டில் நெல் லோரிக்குப் பின்னால் ஊர்ந்துதான் வரும். பஸ்ஸை முன்னாடி எடுங்கள் என்று கேஎல்லுக்கு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாராம். பஸ் லேட்டாவது இல்லை, ஆட்கள்தான் ஊர் சுற்றிவிட்டு வருகிறார்கள் என்று பதில் வந்ததாம். இவங்க வயித்துல அடிக்க எனக்கு மனசு வரலம்மா என்றார்.

ரூபினியின் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவளுக்கு இப்போது அவர் மேல் வேறு கோபம் வந்தது.

“லாக்கை நிறுத்தினதுதான் சார் நீங்க செஞ்ச தப்பு. விட்டிருந்தா அதுவே உங்களுக்குச் சாட்சி சொல்லியிருக்கும்.”

கேட்டில் பஸ்ஸுக்குத் தூக்கும் தடுப்புக்கட்டைக்குத் தனியாக ஒரு லாக் உண்டு. அதை யாரும் திறந்தே பார்த்ததில்லை. அதை எடுத்து, முன்பு லேட் என்று விழுந்த கார்டுகளின் லாக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். பஸ் நுழைகிறது, அடுத்தடுத்துக் கார்டுகள் விழுகின்றன. ஒரு நாள்கூட மாறவில்லை. கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

இரண்டு லாக்கையும், தான் செய்ததையும் சேர்த்து அவரே கேஎல்லுக்கு அனுப்பினார். தங்கள் பஸ்ஸே காட்டிக்கொடுத்துவிட்டதால் அவர்களால் ரொம்பப் பேச முடியவில்லை. அவருக்கு ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டார்கள். லேட் எல்லாம் ரத்தானது. பஸ் முன்னதாகக் கிளம்பும் என்றும் உத்தரவு வந்தது. லோகேஸ்வரன் வராந்தாவிலேயே நின்று மனைவிக்குப் போன் போட்டு அழுதான்.

கிளம்பும்போது ரூபினி வேலம்மாவைப் பார்த்தாள். நல்ல மனிதர்தான், ஆனாலும் அந்த வாய் ஆகாது என்று அவளுக்கு இன்னும் உறுத்தியது.

“அந்தத் திட்டையெல்லாம் எப்படி ஆன்ட்டி பொறுத்துக்கிட்டீங்க?”

வேலம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“கேட்டுக் காமிராவுல பஸ் தெரியாது, நாங்க நிக்கிறதைத்தான் கேஎல்லுல பார்ப்பாங்கம்மா, பேசறதும் கேக்கும். சாருக்கு எளகின மனசுன்னு தெரிஞ்சா மாத்திட்டு வேற ஆளைப் போட்டுருவாங்கல்ல? அதான், நல்லா சத்தம் போடுங்க சாருன்னு நாங்களே சொல்லி வெச்சோம். பாவம், மொத நாளு அவருக்குத் திட்டவே வரல, நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”