அசைந்து கொடுக்காதவர்

“அறுபது நாள் அதிகம்னு நினைக்கிறீங்களா சார்? சரி, ஐம்பது நாள்லயே பைகளை அனுப்பிடறோம்!”

மனப்பாடம் செய்து வந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள் வாயாடி. அது வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். எதிரே இருந்த கொள்முதல் அதிகாரி பதில் சொல்லவில்லை. புன்னகைத்தபடி, மேசை மேல் இருந்த துணிப்பையின் தையலைத் தடவிப் பார்த்தார்.

சர்வதேச வணிகம் படிக்கும் பிள்ளைகள், பத்து நாள் பயணமாக வெளிநாடு வந்திருந்தார்கள். இரண்டு இரண்டு பேராகப் போய், நிஜப் பொருளுக்கு நிஜ ஆர்டர் பிடிக்க வேண்டும் என்பது பேராசிரியரின் உத்தரவு. வாயாடி கொண்டுவந்தது அண்ணன் தைக்கும் பைகளை. இந்த ஐயாயிரம் பை ஆர்டர் கிடைத்தால் அண்ணனின் தையற்கூடம் பிழைக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியில் பூட்டுதான்.

“மனுஷன் உட்கார்ந்திருக்கிற தோரணையைப் பாரு!” கூட வந்த கண்ணாடிக்காரன் கிசுகிசுத்தான். “வாயே திறக்காம பத்து நாளைக் குறைச்சுட்டார்!”

அவளுக்கும் பிரமிப்பாகத்தான் இருந்தது. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிச் சுவர். கீழே துறைமுகத்தில் தீப்பெட்டி அடுக்கியதுபோல் சரக்குப் பெட்டிகள். அத்தனையும் இவர் தலையாட்டினால்தான் நகரும் போலிருந்தது.

“நாற்பது நாள் சார்!”

மறுபடியும் அதே புன்னகை. கைக்கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“மௌனத்தாலயே பேரம் பேசறார்! நம்ம பாடத்துல இதைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே!” கண்ணாடிக்காரன் பரபரவென்று நோட்டில் எழுதினான்.

“உனக்கென்ன, எழுதிட்டுப் போயிடுவே. எங்க அண்ணன்கிட்ட இருக்கிறது ஆறே மெஷின்டா. நாற்பது நாள்னா அவன் கண்ணை மூட முடியாது.”

அதிகாரியின் பார்வை கதவுப் பக்கம் போனது. எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தாள் அவள். ‘அண்ணா, மன்னிச்சுக்கோ’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

“முப்பது நாள்! இதுக்கு மேல முடியாது சார்!”

அதற்கும் அசையவில்லை. தன்னையே பேசாமல் மடக்கிவிட்ட அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது அவளுக்கு.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவளைக் கண்டதும் அதிகாரி அவர்கள் மொழியில் மடமடவென்று பேசி, ஒரு தாளை நீட்டினார்.

“மன்னிக்கணும், லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்,” என்றாள் அந்தப் பெண் ஆங்கிலத்தில். “நான்தான் மொழிபெயர்ப்பாளர். சாருக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தைகூடப் புரியாது. நீங்க முன்னாடியே அனுப்பியிருந்த கடிதத்தை நேத்தே மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன். அதுல நீங்க கேட்ட அறுபது நாளுக்கே இந்த ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டார். ஆனா, உட்கார்ந்ததுலேர்ந்து நீங்க ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தீங்களாமே? என்னன்னு கேட்கிறார்.”

கண்ணாடிக்காரன் நோட்டை மெல்ல மூடினான்.

“உங்க ஊர் ரொம்ப அழகா இருக்குன்னு சொன்னோம்,” என்றாள் வாயாடி.